அரை சென்ட் கொல்லை

சர்க்கரைவள்ளிக் கிழங்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள் நம் ஞாபகத்துக்கு வருகிறது. பொங்கலுக்கு முந்தின நாள் மார்க்கெட்டில் கரும்பு, மஞ்சள் கொத்து, மொச்சை எல்லாம் வாங்கி முடித்துவிட்டு, 'சாங்கியத்துக்கு ஒரு கிலோ போடும்மா' என்று வாங்குவோமே, அந்தக் கிழங்கு. காணும் பொங்கல் முடிவதற்குள் அதை மறந்துவிடுவோம். பாக்கி முந்நூத்தி அறுபது சொச்ச நாளும் நம் வீட்டில் கிழங்கு என்றால் உருளைக்கிழங்குதான்.

இதில் என்ன சார் தப்பு, அவரவர் நாக்கு அவரவர் இஷ்டம் என்பீர்கள். சரி. ஆனால் இந்தக் கிழங்கை மறந்தபோது அது விளைந்த கொல்லையையும் சேர்த்து மறந்துவிட்டோம். ஃபிளாட்டில் இருக்கும் நமக்குக் கொல்லை என்பது ஒரு ஏக்கம். மாடியில் நாலு பையில் மண் நிரப்பி ஆற்றிக்கொள்கிறோம். மரக்காணத்தில் உப்பு வாருகிறவர்களுக்கு அது மூணு மாசச் சாப்பாட்டு விவகாரம். இந்த வாரச் சண்டை அதற்காகத்தான்.

* * *

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி போகிறவர்கள் எல்லோரும் மரக்காணத்தைப் பார்த்திருக்கிறார்கள். காருக்குள் இருந்தபடி. பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரம், பின்னால் வானம். இறங்கி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆந்திராவில் காக்கிநாடாவில் தொடங்கும் பக்கிங்ஹாம் கால்வாய் தெற்கே வந்து முடிகிற இடம் இந்தப் பக்கம்தான். லாரி வருவதற்கு முந்திய காலத்தில் பட்டணத்துக்கு உப்பு போனது அதில்தான்.

உப்பளத்துக்கு ஒரு காலண்டர் உண்டு. ஜனவரியில் பாத்தியைச் சீர்செய்ய ஆரம்பித்து, வெயில் ஏற ஏற உப்பு வாரி, செப்டம்பரோடு ஏறக்குறைய முடிந்துவிடும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் பாத்தியெல்லாம் குளம். உப்பு கிடையாது. உப்பு இல்லையென்றால் கூலி கிடையாது.

இந்த மூணு மாசத்துக்குத் தமிழக அரசு 2021-ல் ஒரு நிவாரணம் அறிவித்து 2022-ல் கொடுக்கத் தொடங்கியது. குடும்பத்துக்கு 5,000 ரூபாய். நல்ல காரியம். நான் கிண்டல் பண்ணவில்லை. ஒண்ணுமே இல்லாமல் கிடந்ததற்கு இது எவ்வளவோ தேவலை. ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றும் சேர்ந்து 92 நாள். 5,000-ஐ வகுத்தால் ஒரு நாளைக்கு 54 ரூபாய் சொச்சம். ஒரு ஆளுக்கு இல்லை, ஒரு குடும்பத்துக்கு.

'ரேஷனில் அரிசிதான் சும்மா கிடைக்கிறதே' என்று உடனே ஒருவர் கையைத் தூக்குவார். கிடைக்கிறது. 2011 ஜூனிலிருந்து இந்த மாநிலத்தில் ரேஷன் அரிசிக்குக் காசு இல்லை. அதனால்தான் அடைமழையிலும் அடுப்பு எரிகிறது. ஆனால் அரிசி வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். வெள்ளைச் சோறு, மேலே தண்ணியாக ஒரு குழம்பு என்றால் அந்தக் குழந்தையின் கண்ணுக்கும் ரத்தத்துக்கும் வேண்டியது எங்கிருந்து வரும்? 1970-லிருந்து இந்த நாட்டில் குழந்தைகளுக்கு ஆறு மாசத்துக்கு ஒருதரம் வைட்டமின் ஏ சொட்டு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம். சொட்டு மருந்து தேவைதான். அரை நூற்றாண்டு தாண்டியும் அது தேவையாகவே இருக்கிறது என்றால், தட்டில் ஏதோ குறைகிறது என்றுதானே அர்த்தம்?

குறைவதைக் கொல்லையிலிருந்தே எடுக்கலாம் என்பதுதான் என் வாதம்.

* * *

உப்பு மண்ணில் கிழங்கா என்று சிரிக்காதீர்கள். உப்புப் பாத்தியில் எதுவும் முளைக்காது, அது எனக்கும் தெரியும். மரக்காணம் என்பது உப்புப் பாத்தி மட்டும் இல்லை. கடலோரமாக மணல் மேடு இருக்கிறது. அந்த மணலுக்குள் மழைத்தண்ணீர் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கும். கொஞ்சமாக இறைத்தால் நல்ல தண்ணீர். பேராசையோடு மோட்டார் போட்டு உறிஞ்சினால் உப்பு மேலே ஏறிவிடும். இந்தப் பக்கத்தில் தர்பூசணியும் சவுக்கும் மல்லாட்டையும் வருவது இந்த மாதிரி மண்ணில்தான். நகரத்து வாசகர்களுக்காக: மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. மணிலாக்கொட்டை என்றும் சொல்வார்கள்.

மரக்காணம் கடற்கரையில் அடும்பங்கொடியைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்த இலை, ஊதாப் பூ, மணலில் படர்ந்து கிடக்கும். சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்துக்கு அடையாளமாகப் பாடிய கொடி. தாவரவியல்காரர்களைக் கேட்டால் அடும்பும் சர்க்கரைவள்ளியும் ஒரே பேரினம், ஐபோமியா என்பார்கள். பங்காளிகள். அண்ணன் உப்புக் காற்றில், சுடுமணலில், யாரும் தண்ணீர் ஊற்றாமல் வாழ்கிறான். தம்பிக்கு அந்த அளவு வீரம் கிடையாது. உப்பு ஏறினால் சுருங்குவான். ஆனால் காற்றோட்டமுள்ள மணல், கொஞ்சம் எரு, கைத்தண்ணீர் இருந்தால் போதும் என்கிற எளிமை இவனுக்கும் உண்டு.

இன்னொரு குடும்ப குணம், தரையோடு தரையாகக் கிடப்பது. அதன் அருமை புயல் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் பாண்டிச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியபோது கடலூர்ப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2020 நவம்பரில் நிவர் இந்த மரக்காணம் பக்கமே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் வந்தது. 'முருங்கைக் கீரையிலேயே எல்லாச் சத்தும் இருக்கே, கிழங்கு எதுக்கு?' என்று கேட்கிறவர்கள் உண்டு. முருங்கை தங்கம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் புயலுக்கு முதலில் ஒடிவது முருங்கை. கொடி ஒடியாது. கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது, அதைக் காற்று என்ன செய்யும்? கொல்லையில் இரண்டும் இருக்கட்டும்.

இதை ஜப்பானில் ஒகினாவா தீவுக்காரர்கள் நானூறு வருஷத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். தென்னமெரிக்கப் பக்கத்துக் கிழங்கு இது. ஸ்பானியர்களும் போர்ச்சுகீசியர்களும் உலகம் பூராவும் கொண்டுபோனார்கள். பிலிப்பைன்ஸில் இருந்து சீனாவின் ஃபூஜியனுக்கு 1593-ல் ஒரு வியாபாரி, கப்பல் கயிற்றோடு கயிறாகக் கொடியைச் சுற்றி மறைத்துக் கொண்டுவந்தார் என்று ஒரு கதை உண்டு. அங்கிருந்து 1605-ல் ஒகினாவா. வருஷா வருஷம் சூறாவளி அடிக்கும் தீவு. நெல் சாய்ந்த வருஷமெல்லாம் கிழங்கு காப்பாற்றியது. 1949-ல்கூட அந்தத் தீவு மக்கள் சாப்பிட்ட கலோரியில் மூன்றில் இரண்டு பங்கு இந்தக் கிழங்கிலிருந்து வந்தது என்று கணக்கு இருக்கிறது. நூறு வயசு தாண்டிய கிழவர் கிழவிகளுக்குப் பேர்போன ஊர் என்று பத்திரிகைகளில் படிக்கிறோமே, அவர்கள் இந்தக் கிழங்கைத் தின்று வளர்ந்த தலைமுறை.

* * *

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் மார்க்கெட்டில் சாதாரணமாகக் கிடைப்பது சிவப்புத் தோல், வெள்ளைச் சதை. அதில் மாவுச்சத்து உண்டு, நார் உண்டு. வைட்டமின் ஏ பெரிசாக ஒன்றும் கிடையாது. தோல் நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. வெட்டினால் உள்ளே பறங்கிப்பழம் மாதிரி ஆரஞ்சு நிறமாக இருக்க வேண்டும். அந்த நிறம்தான் பீட்டா கரோட்டின். அந்த ரகத்தில் ஒரு சின்னக் கிழங்கு, 125 கிராம் போல, ஒரு சின்னக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் ஏ-யைக் கொடுத்துவிடும்.

இது யாரோ சாமியார் சொன்ன வைத்தியம் இல்லை. இந்த ஆரஞ்சுக் கிழங்கை ஆப்பிரிக்கக் குடும்பங்களின் தோட்டத்துக்குக் கொண்டுபோனதற்காக 2016-ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். மரியா ஆண்ட்ரடே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ என்று சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தின் மூன்று பேர். சத்தேற்றிய பயிர் என்ற யோசனைக்காகவே உழைத்த ஹோவர்த் பூயிஸ் நாலாவது ஆள். பத்து நாடுகளில் கிட்டத்தட்ட இருபது லட்சம் குடும்பங்கள் அதை நட்டன. ஆஸ்பத்திரி கட்டவில்லை, ஃபேக்டரி கட்டவில்லை. கொடித் துண்டைக் கையில் கொடுத்து, சமைக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

நமக்கு ஆப்பிரிக்காவரை போக வேண்டாம். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-லிருந்து மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ரயில் ஏறினால் ஒரு ராத்திரி. அங்கே பூ சோனா என்று ஒரு ஆரஞ்சு ரகம், பூ கிருஷ்ணா என்று ஒரு ஊதா ரகம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். பூ என்றால் பூமி. ஊதா ரகம் ஓரளவு உப்பையும் தாங்கும் என்கிறார்கள். நம் கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் கோ வரிசையில் ரகங்கள் விட்டிருக்கிறது. ஆக, ஆராய்ச்சி இருக்கிறது, ரகம் இருக்கிறது. உப்பளக் குடியிருப்பின் கொல்லைக்கு அது ஏன் வந்து சேரவில்லை?

காரணம் ரொம்ப எளிது. இந்தப் பயிரில் யாருக்கும் லாபம் இல்லை. சர்க்கரைவள்ளிக்கு விதை வாங்க வேண்டாம். கொடியின் நுனியை ஒரு சாண் வெட்டி நட்டால் வந்துவிடும். ஒரு வீட்டில் இருந்தால் தெருவுக்கே கொடுக்கலாம். கடையில் விற்க முடியாத விதைக்கு யார் விளம்பரம் கொடுப்பார்கள்? உருளைக்கிழங்குக்குப் பின்னால் சிப்ஸ் கம்பெனி நிற்கிறது, குளிர்சாதனக் கிடங்கு நிற்கிறது, கிரிக்கெட் வீரர்கள் நிற்கிறார்கள். சர்க்கரைவள்ளிக்குப் பின்னால் பக்கத்து வீட்டு ஆயா மட்டும்தான் நிற்கிறார். 'இந்தா, ரெண்டு கொடி கிள்ளிக்கிட்டுப் போ' என்று.

* * *

வளர்ப்பது பெரிய வித்தையா? நீங்களே சொல்லுங்கள்.

ஆடிமாசம் மண்ணைப் பொலபொலவென்று கொத்தி, மக்கின எரு போட்டு, இரண்டு அடிக்கு ஒரு வரப்பாக உயர்த்திக்கொள்ள வேண்டும். உயரம் முக்கியம். இந்தக் கிழங்கு காற்றைத் தாங்கும், தேங்கின தண்ணீரைத் தாங்காது, அழுகிவிடும். மூணு நாலு கணு உள்ள நுனிக்கொடியை, முக்கால் அடிக்கு ஒன்றாக, கணு மண்ணுக்குள் போகும்படி நட வேண்டும். முதல் வாரம் தினமும் கைத்தண்ணீர், அப்புறம் வாரம் ஒரு தரமோ இரண்டு தரமோ. யூரியாவைக் கொட்டினால் கொடி காடாக மண்டும், கீழே ஒண்ணும் இருக்காது. படர்கிற கொடியை மாசம் ஒருதரம் தூக்கிப் புரட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கணுவுக்குக் கணு வேர் விட்டு, தாய்க்கிழங்கு சோனியாகிவிடும். மண் வெடித்தால் மூடிவிட வேண்டும். அந்த வெடிப்பு வழியாகத்தான் கூன்வண்டு இறங்கி, கிழங்கைத் துளைத்துக் கசப்பாக்கும்.

இடையில் இளந்தளிரைக் கிள்ளிக் கீரையாகப் பொரிக்கலாம். வள்ளைக் கீரைக்குச் சொந்தக்காரன்தானே இவன். ஆனால் மொட்டையடித்துவிடக் கூடாது, அப்புறம் கிழங்குக்குச் சாப்பாடு போட இலை இருக்காது.

நூறு, நூற்றுப் பத்து நாளில் இலை மஞ்சளிக்கும். ஒரு கிழங்கைத் தோண்டி வெட்டிப் பாருங்கள். வடிகிற பால் வெள்ளையாகவே காய்ந்தால் முற்றிவிட்டது. பச்சையாகவோ கறுப்பாகவோ மாறினால் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கணும். முற்றியதும் முதலில் கொடியை அறுத்து ஒதுக்கி, நுனிகளை அடுத்த நடவுக்கு எடுத்துவைத்துவிட்டு, ஓரத்திலிருந்து மண்ணைத் தளர்த்தி, காயம் படாமல் தூக்க வேண்டும். எடுத்த கிழங்கைக் கழுவாமல், வெதுவெதுப்பான நிழலில் நாலைந்து நாள் பரப்பிவைத்தால் கீறல் ஆறும், இனிப்பும் ஏறும். நகரத்து வாசகருக்கு ஒரு வார்த்தை: தயவுசெய்து ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் நடுவே கட்டை விழுந்து வேகவே வேகாது.

இப்போது காலண்டரைப் பாருங்கள். ஆடி முதல் வாரம் நட்டால் ஐப்பசியில் கிழங்கு. உப்பளம் மூடுகிற நேரம் கொல்லை திறக்கிறது. பெருமழை பிடிப்பதற்குள் எடுத்துவிடலாம். மேட்டு மணலில் புரட்டாசியில் நட்டது பொங்கலுக்கு வரும். கூலி இல்லாத மூணு மாசத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி வேறொரு பயிரைச் சொல்லுங்கள் பார்ப்போம்!

அளவும் சொல்லிவிடுகிறேன். அரை சென்ட் என்பது 218 சதுர அடி. ஒன்றரைக் கார் நிறுத்துகிற இடம். நம் நாட்டுச் சராசரி விளைச்சலே ஹெக்டேருக்குப் பத்து டன் போல வருகிறது, அதாவது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ. அரை சென்ட்டில் 20 கிலோ. நல்ல கவனிப்பிருந்தால் அதைப்போல இரண்டு மடங்கு. தினம் அரை கிலோ அவித்தால் 40 நாளிலிருந்து 80 நாள். கூலியைக் கணக்குப் பார்க்காமல் செய்கிற வீட்டுவேலையில் இது பெரிய பணம் இல்லை. ஆனால் அடைமழையில் குழந்தை 'பசிக்குதும்மா' என்றால் அதன் கையில் கொடுக்க ஏதோ ஒன்று இருக்கிறது.

* * *

கொல்லை இருந்தால்தானே? அங்கேதான் அரசாங்கத்தோடு என் தகராறு.

சுனாமிக்கு அப்புறம் இந்தக் கரை நெடுக வீடு கட்டிக் கொடுத்தோம். 300, 325 சதுர அடி என்று கணக்கு. நாகப்பட்டினம் பக்கம் பல ஊர்களில் காண்டிராக்டர் வந்து முதலில் செய்த காரியம், இருந்த மரத்தையெல்லாம் வெட்டி இடத்தைச் சமன் பண்ணியது. இன்றைக்கு மத்திய அரசின் கிராம வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்சம் 25 சதுர மீட்டர். மாநில அரசின் கலைஞரின் கனவு இல்லத்தில் 360 சதுர அடி. எல்லா அளவும் சுவருக்கு உள்ளே எவ்வளவு என்பதுதான். சுவருக்கு வெளியே மண் எவ்வளவு என்பது திறப்புவிழா மேடையில் பேசப்படுகிற விஷயமே இல்லை. கட்டின பிறகு மிச்சம் இருக்கிற இடத்திலும் சிமென்ட்டைப் பூசி 'நீட்டா' ஆக்கிவிடுகிறோம். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வழியில்லை. முருங்கைக்கு இடமில்லை, கோழிக்கு இடமில்லை, ஒரு கொடிக்கு இடமில்லை.

உப்பளத் தொழிலாளி வீட்டுப் பெண்மணிக்குக் கொல்லை என்பது அலங்காரம் இல்லை. அவர் கையில் இருக்கிற ஒரே உற்பத்தி நிலம் அது. உப்பளம் அவருடையது இல்லை. அங்கே அவர் சுமக்கிற உப்பும் அவருடையது இல்லை. அரை சென்ட் மண்ணில் விளைந்த கிழங்கு மட்டும்தான் யாரையும் கேட்காமல் அவர் தோண்டி எடுக்கக்கூடிய சொத்து. வீடு கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டு அதைப் பிடுங்கிக்கொள்வது என்ன நியாயம்?

* * *

எதிர்த்தரப்பில் ஒரு கேள்வி பலமானது. அதை மதிக்கிறேன். 'ஏழைக்கு நியாயமான கூலி கேட்காமல், கிழங்கு நட்டுக்கோ என்கிறீரே, அரசாங்கமும் முதலாளியும் தப்பித்துக்கொள்ள வழிபண்ணுகிறீரா?'

இல்லை. கிழங்கைக் காட்டி நிவாரணத்தில் ஒரு ரூபாய் குறைத்தாலும் அது அயோக்கியத்தனம். ஒரே கிழங்கை நம்பினால் என்ன ஆகும் என்று அயர்லாந்து சொல்லியிருக்கிறது. நிலமெல்லாம் வேறு யாரோ கையில், ஏழைக்குத் துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். 1845-ல் கிழங்குக்கு நோய் வந்தது. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். கொல்லை என்பது கூலிக்கு மேலே வருகிற துணை. கூலிக்குப் பதிலாக அதை யாராவது நீட்டினால், அவர் மூஞ்சியிலேயே கிழங்கை வீசுங்கள்.

இன்னும் இரண்டு கேள்விகள் நம்முடையவை, அதாவது படித்த நகரத்துக்காரர்களுடையவை. ஒன்று, 'ஐயையோ, பேரிலேயே சர்க்கரை இருக்கே!' பேரை வைத்துப் பயப்படுகிறவர்கள் மூணு வேளையும் தீட்டின அரிசியைத் தட்டு நிறையப் போட்டுக்கொள்கிறார்கள். அரிசி என்ற பேரில் சர்க்கரை இல்லை பாருங்கள்! அவித்த சர்க்கரைவள்ளியில் ரத்தச் சர்க்கரை ஏறும் வேகம், சுட்டதைவிடக் குறைவு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, சோற்றின்மேல் கூடுதலாக இல்லாமல் சோற்றைக் குறைத்துக்கொண்டு அளவாகச் சாப்பிடலாம். பேருக்குப் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, 'அது பஞ்சத்துச் சாப்பாடு சார்.' ஆமாம். பஞ்சத்தில் காப்பாற்றியது என்பதற்காகக் கேவலமா? ஜப்பானிலும் யுத்தகாலத்தில் கிழங்கையே தின்று வளர்ந்த பலருக்கு அப்புறம் அதைப் பார்த்தாலே பிடிக்காமல் போனதுண்டு. அவர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. நாம் எந்தப் பஞ்சத்தைப் பார்த்தோம்? கம்பும் கேழ்வரகும்கூட நேற்றுவரை ஏழைச் சாப்பாடுதான். இன்றைக்கு அதே கேழ்வரகை பளபளக்கும் பாக்கெட்டில் மூணு மடங்கு விலை கொடுத்து வாங்குகிறோம். சர்க்கரைவள்ளிக்கும் அப்படி ஒரு பாக்கெட் வரும். வருவதற்கு முன்னால் அது மரக்காணத்துக் குழந்தையின் தட்டுக்கு வர வேண்டும் என்பதுதான் என் அவசரம்.

* * *

ஆகவே, கேட்பது நாலே விஷயம்.

அரசு கட்டுகிற எந்தக் கிராமத்து வீட்டுக்கும், சுவருக்கு வெளியே அரை சென்ட்டாவது சிமென்ட் படாத மண் இருந்தாக வேண்டும் என்று விதி போடுங்கள். வரைபடத்தில் கக்கூஸ் இருக்கிறதா என்று பார்க்கிற அதிகாரி, கொல்லை இருக்கிறதா என்றும் பார்க்கட்டும்.

நிவாரணம் மழையோடு வருகிறது. கொடி மழைக்கு முன்னாலேயே வர வேண்டும். ஆனி கடைசியில் உப்பளக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் நூற்றைம்பது ஆரஞ்சு ரகக் கொடித் துண்டு, ஒரு கட்டு. கோடையில் அந்தக் கொடியைக் காய விடாமல் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றுவதுதான் இந்தப் பயிரில் கஷ்டமான வேலை. அதை மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் கூலி கொடுத்து ஒப்படையுங்கள். 2013-ல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத்துக்குப் பையும் விதையும் மானிய விலையில் கொடுத்த அரசுக்கு, மரக்காணத்தில் தரைத்தோட்டத்துக்குக் கொடி கொடுக்க முடியாதா?

சத்துணவில் உருளைக்கிழங்குக்கு இடம் இருக்கிறது. கடலோர ஒன்றியங்களில் வாரம் ஒரு நாள் அந்த இடத்தை ஆரஞ்சு சர்க்கரைவள்ளிக்குக் கொடுங்கள். கொல்லையில் மிஞ்சுகிற கிழங்கைப் பள்ளிக்கூடமே வாங்கிக்கொண்டால் ஊருக்குள்ளேயே ஒரு சந்தை உண்டாகிவிடும்.

நாலாவது, உங்களிடம். பொங்கல் வரைக்கும் காத்திருக்காதீர்கள். அடுத்த தடவை மார்க்கெட் போகும்போது காய்கறிக்காரம்மாவிடம், 'உள்ளே என்ன கலர்?' என்று கேளுங்கள். அவர் 'வெள்ளைதாம்மா' என்பார். 'ஆரஞ்சு வந்தா சொல்லுங்க, வாங்கிக்கிறேன்' என்று சொல்லிவிட்டு வாருங்கள். பத்து பேர் கேட்டால் அவர் மண்டியில் கேட்பார். மண்டிக்காரர் விவசாயியைக் கேட்பார். மார்க்கெட்டுக்குப் புரிகிற ஒரே போராட்டம் இதுதான்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்கிறோம். அந்த உப்பை வாரிக் கொடுக்கிறவருக்கு, மழைக்காலத்தில் உப்புப் போட்டு அவிக்க ஒரு கிழங்கு வேண்டாமா?